முதுகில் ஜிப் வைக்க மறுத்த க்ளேர் மெக்கார்டெல்

ஓர் உடை பெண்ணுக்கு எவ்வளவு சுதந்திரம் தருகிறது என்று கேட்டால் பலரும் முதலில் அளப்பது அதன் நீளத்தைத்தான். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறினால் முற்போக்கு, கணுக்காலைத் தொட்டால் பழமை என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க உடை வரலாற்றைப் படித்தால், அதில் மிக முக்கியமான ஒருவரைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவோம். க்ளேர் மெக்கார்டெல் வடிவமைத்த கவுன்கள் பெரும்பாலும் முழங்காலை மூடியவை. பார்த்தவுடன் யாரும் புரட்சி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவற்றைத் தைப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் வேறு. இதை யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்ள முடியுமா? கையை மேலே தூக்கினால் தையல் விடுமா? சாவியை எங்கே வைப்பது? வீட்டில் துவைத்தால் தாங்குமா? மாதச் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலையா?

அவருடைய வேலையை ஃபேஷன் வரலாற்றில் ‘அமெரிக்க ஸ்போர்ட்ஸ்வேர்’ என்ற பெயரில் வகைப்படுத்துவார்கள். விளையாட்டு மைதானத்துக்குப் போடும் உடை என்று நினைத்துவிட வேண்டாம். அலுவலகம், பயணம், கடற்கரை, சமையலறை என எங்கும் போட்டுக்கொண்டு உடம்பை இயல்பாக அசைக்கக்கூடிய உடைகளை, தொழிற்சாலையில் மொத்தமாகத் தைத்து, அளவு எண் போட்டுக் கடையில் தொங்கவிட்டு விற்பதற்கு அங்கே அந்தப் பெயர். இன்று உலகத்தில் அன்றாடம் உடுத்தப்படும் ரெடிமேட் உடைகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான்.

மாட்டிவிட ஆள் வேண்டிய உடை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டுப் பெண் உடுத்திக்கொள்வது ஒருத்தியால் முடிகிற காரியம் இல்லை. இடுப்பை இறுக்கும் கார்செட்டின் கயிறு முதுகில் இருந்தது. அதன்மேல் அடுக்கடுக்காக உள்பாவாடைகள். 1850களின் பிற்பாதியில் உள்பாவாடைகளுக்குப் பதிலாக எஃகு வளையங்களால் ஆன கூண்டு வந்தது. மேல்சட்டையின் கொக்கிகளும் பல சமயம் முதுகுப்பக்கம்தான். தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது என்பதை யாரும் அந்த உடையின் குறையாக நினைக்கவில்லை. வீட்டில் வேலைக்காரி இருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிவிக்கும் வழியாகவே அது இருந்தது. உழைத்துப் பிழைத்த பெண்களிடம் முன்பக்கம் கயிறு கட்டும் வகைகள் இருந்தன. அவர்களுக்கு மாட்டிவிட யார் இருக்கிறார்கள்?

பாக்கெட் விஷயமும் இதே போலத்தான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்கள் பாவாடைக்குள்ளே, இடுப்பில் நாடாவால் கட்டிய துணிப்பைகளை வைத்திருந்தார்கள். பாவாடையின் பக்கவாட்டில் விட்டிருந்த பிளவு வழியாகக் கையை விட்டுப் பணம், சாவி, ஊசிநூல், கடிதம் என எதையும் எடுக்கலாம். நூற்றாண்டின் கடைசியில் உடம்போடு ஒட்டி விழும் மெல்லிய கவுன்கள் வந்ததும் உள்ளே பை புடைத்துக்கொண்டு தெரிந்தது. பையைக் கழற்றிவிட்டு, கையில் பிடித்துக்கொள்ளும் சிறு சுருக்குப்பைக்கு மாறினார்கள். ஒரு கை எப்போதும் பையைப் பிடித்திருக்க வேண்டிய நிலை அப்போது தொடங்கியது. ஆண்களின் கோட்டில் அதே காலத்தில் பைகள் கூடிக்கொண்டே போயின.

இதை எதிர்த்த குரல்கள் சீக்கிரமே எழுந்தன. 1851இல் நியூயார்க் மாநிலத்தின் செனக்கா ஃபால்ஸ் ஊரில் எலிசபெத் ஸ்மித் மில்லர் என்பவர் முழங்கால் வரை ஒரு குட்டைப் பாவாடையும் அதற்குக் கீழே கணுக்காலில் சுருக்கிய தொளதொளப்பான கால்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். அதைத் தன் பத்திரிகையில் எழுதிப் பரப்பிய அமீலியா ப்ளூமரின் பெயரே உடைக்கும் ஒட்டிக்கொண்டது. தெருவில் கேலி, பத்திரிகைகளில் கேலிச்சித்திரம். பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசிக்கொண்டிருந்த எலிசபெத் கேடி ஸ்டான்டனும் அதை அணிந்தார். மேடையில் அவர் என்ன பேசினாலும் கூட்டம் கால்சட்டையைத்தான் பார்த்தது. சில ஆண்டுகளில் பலரும் பழைய உடைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ப்ளூமர் உடையின் தோல்வியைச் சமூகத்தின் பிற்போக்கு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. அந்த உடை தன்னைப் போட்டவளை ஒரு கொடி போலத் தூக்கிக் காட்டியது. ஒவ்வொரு நாளும் கொடியாக வாழ யாருக்கும் தெம்பு இருக்காது. சுதந்திரம் தரும் உடை, கூட்டத்தில் ஒருத்தியாகக் கலந்து நடக்கவும் விட வேண்டும். மெக்கார்டெல் இந்த இடத்தில்தான் முன்னோடிகளிடமிருந்து விலகுகிறார்.

ரெடிமேடும் அதன் விலையும்

அதற்கு முன் இன்னொரு கட்டம் இருக்கிறது. 1890களிலிருந்து அமெரிக்க நகரங்களில் பெண்கள் தட்டச்சராக, தொலைபேசி ஆபரேட்டராக, கடைச் சிப்பந்தியாக வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வசதியாக வந்தது ‘ஷர்ட்வெய்ஸ்ட்’. ஆண்களின் சட்டையைப் பார்த்துச் செய்த, முன்பக்கம் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை. பாவாடையோடு போட்டால் வேலைக்குத் தயார். துவைக்கலாம், விலை குறைவு, தையல்காரரிடம் அளவு கொடுக்கக் காத்திருக்க வேண்டாம். சொந்தக் காலில் நிற்கும் பெண் என்றால் அந்தக் காலத்துப் படங்களில் இந்தச் சட்டையோடுதான் வருவாள்.

அந்தச் சட்டைகளைத் தைத்தவர்களும் பெண்கள்தான். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள், பதின்பருவத்திலும் இருபதுகளிலும் இருந்தவர்கள். 1909 நவம்பரில் கிளாரா லெம்லிச் என்ற இளம் தொழிலாளி கூட்டத்தில் எழுந்து வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்க, நியூயார்க்கின் சட்டைத் தொழிலாளர்கள் சுமார் 20,000 பேர் வீதிக்கு வந்தார்கள். பணிய மறுத்த முதலாளிகளில் ட்ரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் கம்பெனியும் ஒன்று. 1911 மார்ச் 25 அன்று அந்தத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் இறந்தார்கள், அவர்களில் 123 பேர் பெண்கள். ஒருத்தியின் சுதந்திரத்துக்கு உதவிய சட்டையை இன்னொருத்தி பூட்டிய கதவுக்குப் பின்னால் தைத்தாள். ரெடிமேட் உடையின் வரலாற்றை எழுதும்போது இதை அடிக்குறிப்பில் தள்ள முடியாது. தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்தவர்களில் ஒருவரான ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்.

மெக்கார்டெல் வேலைக்கு வந்து சேர்ந்தது நியூயார்க்கின் இதே ஆடைத் தொழிலுக்குள்தான்.

பிரித்துப் பார்த்துக் கற்றவர்

மேரிலாண்ட் மாநிலத்தின் ஃபிரெடரிக் நகரில் 1905 மே 24 அன்று பிறந்தவர் க்ளேர். அப்பா வங்கியாளர், மாநில சட்டமன்றத்தில் செனட்டர். கூடப் பிறந்தவர்கள் மூன்று தம்பிகள். அவர்களோடு மரம் ஏறி விளையாடிய பெண்ணுக்கு, தம்பிகளின் உடுப்பில் இருந்த வசதி தன் கவுனில் இல்லை என்பது சிறுவயதிலேயே உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தைத்துக் கொடுக்கும் தையல்காரப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தார். அம்மாவின் ஃபேஷன் பத்திரிகைகளை வெட்டிக் காகிதப் பொம்மைகள் செய்தார்.

ஊரிலேயே இருந்த ஹூட் கல்லூரியில் மனையியல் படிக்கச் சேர்ந்து, அது பிடிக்காமல் நியூயார்க்கில் இன்று பார்சன்ஸ் என்று அறியப்படும் கலைப்பள்ளிக்கு மாறினார். அந்தப் படிப்பின் ஒரு பகுதியாக 1926இல் பாரிஸ் போனார். அங்கே அவரும் தோழிகளும் பெரிய உடையகங்களின் மாதிரி உடைகளைச் சல்லிசாக வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து தையலைப் பிரித்துப் பார்ப்பார்கள். எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர்கிறது, துணி எந்தத் திசையில் வெட்டப்பட்டிருக்கிறது என்று கையாலேயே கற்றுக்கொண்டார்கள். மெக்கார்டெல் அதிகம் பிரித்தது மாடலீன் வியோனே என்ற பெண் வடிவமைப்பாளரின் உடைகளை.

வியோனேயின் திறமை ‘கிராஸ் கட்’டில் இருந்தது. தையல் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு சோதனை. நெய்த துணியில் ஒரு சதுரக் கைக்குட்டையை எடுத்து எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நேராக இழுங்கள், நீளாது. இப்போது மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள், நெகிழ்ந்து கொடுக்கும். பாவு, ஊடை என்ற இரு திசை நூல்களும் நேர்க்கோட்டில் இறுகி நிற்கின்றன, குறுக்கே இழுக்கும்போது மட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. உடையின் துண்டுகளை இந்தக் குறுக்குத் திசையில் வெட்டினால் எலும்போ கம்பியோ அட்டையோ இல்லாமல் துணியே உடம்பின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். குனிந்தால் நெகிழும், நிமிர்ந்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கார்செட் உடம்பை உடைக்கு ஏற்ப மாற்றியது, கிராஸ் கட் உடையை உடம்புக்கு ஏற்ப மாற்றியது. ஆனால் வியோனேயின் கவுன் ஒவ்வொன்றும் ஒரு பணக்காரப் பெண்ணுக்காகக் கையால் செய்யப்பட்டது. இதைத் தொழிற்சாலை மேஜையில், ஆயிரக்கணக்கில், அளவு எண் போட்டுச் செய்ய முடியுமா என்பது மெக்கார்டெல் எடுத்துக்கொண்ட கணக்கு.

படிப்பு முடித்து நியூயார்க்கில் சில்லறை வேலைகள் பார்த்த பிறகு ராபர்ட் டர்க் என்ற வடிவமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். டர்க் டவுன்லி ஃபிராக்ஸ் நிறுவனத்துக்கு மாறியபோது இவரும் கூடவே போனார். 1932இல் டர்க் நீரில் மூழ்கி இறந்துபோக, பாதியில் நின்ற உடைத் தொகுப்பை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்போதைய வழக்கப்படி அமெரிக்க வடிவமைப்பாளரின் முக்கிய வேலை பாரிஸ் காட்சிகளுக்குப் போய், பார்த்ததை வரைந்துகொண்டு வந்து, மலிவு விலைக்கு நகல் எடுப்பதுதான். வடிவமைப்பாளரின் பெயர் உடையில் இருக்காது, கம்பெனிப் பெயர்தான் இருக்கும். மெக்கார்டெலும் கொஞ்ச காலம் அந்த வேலையைச் செய்தார், ஆனால் ஈடுபாடு இல்லாமல்.

முன்னும் பின்னும் இல்லாத கவுன்

1938இல் அவர் செய்த ‘மோனாஸ்டிக்’ கவுனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துறவிகளின் அங்கியை நினைவூட்டியதால் அந்தப் பெயர். தோளிலிருந்து கூடாரம் போல நேராக விழும். இடுப்பில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. முன்பக்கம் பின்பக்கம் என்ற பாகுபாடுகூடக் கிடையாது. ஹேங்கரில் தொங்கும்போது சாக்குப்பை போலத்தான் இருக்கும் என்பதால் விற்பனையாளர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். உடுத்தி, இடுப்பில் ஒரு பெல்ட்டையோ கயிற்றையோ கட்டியதும், குறுக்காக வெட்டிய துணி அந்த உடம்புக்கென்றே தைத்தது போலப் படிந்துவிடும்.

இதில் எது புதுமை? ரெடிமேட் உடையின் பழைய தலைவலி அளவு. தொழிற்சாலை ஐந்தாறு அளவுகளில் தைக்கும், உடம்புகளோ அந்த ஐந்தாறுக்குள் அடங்காது. ஒரே அளவு எண் போடும் இரண்டு பெண்களில் ஒருத்தியின் இடுப்பு மேலே இருக்கும், இன்னொருத்திக்குக் கீழே. ஒரே பெண்ணின் இடுப்புகூட மாதம் முழுக்க ஒரே சுற்றளவில் இருப்பதில்லை. இடுப்பைத் தையலாகப் போட்டுவிட்டால் அது எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்கிறது. கயிறாக விட்டுவிட்டால் போடுகிறவள் முடிவு செய்கிறாள். மெக்கார்டெல் இதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நீளமான மெல்லிய கயிறுகளை விடவே இல்லை. மார்புக்குக் கீழே சுற்றலாம், இடுப்பில் பலமுறை சுற்றலாம், தளர்த்தியும் கட்டலாம். பார்க்க அலங்காரம் போலத் தெரிந்தாலும் அது அளவு சரிசெய்யும் கருவி.

பெஸ்ட் அண்ட் கோ என்ற கடை இந்தக் கவுனை விளம்பரம் செய்தது, சுடச்சுட விற்றுத் தீர்ந்தது. அடுத்த கட்டமாக ஊரெல்லாம் அதை நகல் எடுத்தார்கள். உடையின் வடிவத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. நகலெடுப்பவர்களைப் புறக்கணிக்க உடைத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டைக்கூட 1941இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தள்ளிவிட்டது. நகல்களோடு மல்லுக்கட்டியே டவுன்லி நிறுவனம் நொடித்துக் கதவை மூடியது. ஒரு கவுனின் வெற்றி அதைத் தைத்த கம்பெனியையே கவிழ்த்த விசித்திரமான கதை.

அதே 1938 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்த ஹெலன் ஹியூலிக் என்ற பாலர் பள்ளி ஆசிரியையை, கால்சட்டை அணிந்து வந்ததற்காக நீதிபதி திருப்பி அனுப்பினார். அவர் அடுத்த முறையும் கால்சட்டையிலேயே வந்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது ரத்தானது. மெக்கார்டெல் எந்தக் காலத்தில் நின்றுகொண்டு வேலை செய்தார் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு வழக்கு போதும்.

ஜிப், பாக்கெட், டெனிம்

1940இல் டவுன்லி மீண்டும் திறந்தது. அடோல்ஃப் க்ளைன் என்ற புதிய பங்குதாரர் மெக்கார்டெலைத் திரும்ப அழைத்தார். இந்த முறை லேபிளில் அவர் பெயரும் இருந்தது. அமெரிக்காவில் அந்த மரியாதை கிடைத்த முதல் சில வடிவமைப்பாளர்களில் அவர் ஒருவர். அந்த ஆண்டு ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்துவிட, நகல் எடுக்கப் பாரிஸ் காட்சிகள் இல்லாமல் போயின. சொந்தமாக யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு வழி திறந்தது.

அவருடைய உடைகளின் நுணுக்கங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் தினசரித் தொல்லை தீர்ந்திருக்கும். அந்த ஒருத்தி பெரும்பாலும் அவரேதான். பனிச்சறுக்குப் போனபோது காதில் குளிர் ஏறியதால் கம்பளி ஜெர்சி என்ற பின்னல் துணியில் தலைமூடி வைத்த உடை வந்தது. பயணத்தில் பெட்டி கனத்ததால், ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் போடக்கூடிய ஐந்து ஜெர்சித் துண்டுகள் கொண்ட தொகுப்பை 1930களிலேயே செய்தார். சட்டை ஒரு தளம், பாவாடை இன்னொரு தளம் என்று பிரித்து விற்றுப் பழகிய கடைக்காரர்கள் அதை எந்தத் தளத்தில் தொங்கவிடுவது என்று தெரியாமல் வேண்டாம் என்றார்கள். (மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று எனச் சேர்த்துப் போடுவது பிற்பாடு எல்லோருடைய பழக்கமும் ஆகிவிட்டது.)

ஜிப்பை அவர் பக்கவாட்டில் வைத்தார், அல்லது முன்பக்கம் கொக்கி வைத்தார். முதுகு ஜிப்பைப் பற்றி 1956இல் வெளிவந்த தன் நூலில் ஒரு கிண்டல் அடிக்கிறார்: தனியாக வாழ்வது உங்களுக்குப் பிடித்திருக்கலாம், ஆனால் முதுகு ஜிப்பை இழுக்கக் கையை முறுக்கிச் சுளுக்கிக்கொள்ளும்போது வருத்தப்படுவீர்கள் என்ற பொருளில். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வாடகை அறையில் தனியாக இருந்து வேலைக்குப் போகும் ஒருத்தியை மனத்தில் வைத்துத்தான் இந்த உடைகள் வெட்டப்பட்டன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. வேலைக்காரியும் கணவனும் பக்கத்தில் இல்லாத பெண் காலை ஏழரைக்கு உடுத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜிப்பின் இடம் அதை எளிதாக்கும் அல்லது கெடுக்கும்.

பாக்கெட்டை மாலை விருந்துக் கவுனிலும் வைத்தார். உண்மையாகவே கை உள்ளே போகும் ஆழமான பைகள். அவருடைய உடைகளை அணிந்த மாடல்களின் பழைய புகைப்படங்களில் கைகள் பைக்குள் இருக்கும், தோள் தளர்ந்திருக்கும். கையை எங்கே வைப்பது என்ற தடுமாற்றம் இல்லாதவளின் நிற்பே தனி.

ஆண்களின் உடைகளிலிருந்து ஆழமான கைக்குழி, கால்சட்டையின் இடுப்பு மடிப்பு, வேலை ஜீன்ஸில் தெரியும்படி ஓடும் இரட்டைத் தையல், உலோக ரிவெட் என்று பலவற்றை எடுத்துக்கொண்டார். கைக்குழி ஏன் முக்கியம் என்றால், அது குறுகலாக இருக்கும் உடையில் கையை உயர்த்தினால் மொத்தக் கவுனும் மேலே ஏறும். பேருந்தின் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. துணியிலும் அதே மனப்பான்மைதான்: டெனிம், கட்டம் போட்ட பருத்தி, மெத்தை உறைக்கு நெய்யும் கோடு போட்ட கனத்த துணி, கம்பளி ஜெர்சி. பெண்ணின் உடை என்றாலே மெல்லியதாக, பத்திரமாகக் கையாள வேண்டியதாக இருக்க வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. பட்டு ஒருமுறை கறைபட்டால் போச்சு. அதைக் காப்பாற்றுவதிலேயே உடுத்தியவளின் கவனம் போய்விடும்.

போர்க்காலக் கட்டுப்பாடுகள் அவருக்கு உதவியாகவே அமைந்தன. 1942இல் வந்த எல்-85 என்ற அரசாணை, பெண்களின் உடையில் நீளம், சுற்றளவு, விளிம்பு மடிப்பின் அகலம் எல்லாவற்றுக்கும் வரம்பு விதித்தது. தோல் பற்றாக்குறையால் 1943இல் காலணிக்கு ரேஷன் வந்தது. நடனக் காலணிகள் அந்த ரேஷனில் சேரவில்லை. கபேசியோ நிறுவனத்தின் பாலே செருப்புகளுக்குக் கெட்டியான அடிப்பாகம் வைக்கச் சொல்லி, தன் உடைகளோடு போட வைத்தார் மெக்கார்டெல். தெருவில் போட்டு நடக்கிற தட்டையான பாலே ஷூ பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், குதிகால் உயர்ந்த காலணியில் அது முடியாது.

6.95 டாலர்

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்த உடை 1942இன் ‘பாப்ஓவர்’. வீட்டு வேலைக்கு இருந்த பெண்கள் அதிகச் சம்பளம் தரும் போர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். அதுவரை அடுப்படிக்கு அதிகம் போகாத குடும்பத் தலைவிகள் தாங்களே சமைத்துத் துடைக்க வேண்டிய நிலை. அந்த வேலைக்கும் ஏற்ற, விருந்தினர் வந்தால் அப்படியே போய்க் கதவைத் திறக்கக்கூடிய ஓர் உடை வேண்டும் என்று ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை அவரிடம் கேட்டது. அவர் டெனிமில், முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக் கட்டும் ஒரு கவுனைச் செய்தார். ஒரு பெரிய பாக்கெட். கூடவே சூடான பாத்திரம் பிடிக்க, அதே பாணியில் தைத்த ஒரு கையுறை. வேலை உடை என்று வகைப்படுத்தப்பட்டதால் விலையைக் குறைக்க முடிந்தது: 6 டாலர் 95 சென்ட். முதல் பருவத்திலேயே 75,000 விற்றது. அதன்பின் துணியை மாற்றி மாற்றி, கடற்கரைக்கு ஒன்று விருந்துக்கு ஒன்று என்று ஆண்டுதோறும் புதிய பாப்ஓவர் வந்தது.

இதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது, அடுப்புக் கையுறையோடு வந்த கவுன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாப்ஓவர் சமையலறையைப் பெண்ணின் இடம் என்றே ஏற்றுக்கொண்டது, அதை யாருடைய தோளுக்கும் மாற்றவில்லை. தவிர, அந்தக் கவுனின் கதையில் உண்மையில் விடுதலை அடைந்தவள் இன்னொருத்தி. எசமானியின் முதுகுக் கொக்கியை மாட்டிவிட்டுக் கொண்டிருந்த வேலைக்காரி தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் தானே உடுத்திக்கொள்ளும் உடை நடுத்தர வர்க்கத்துக்கு அவசியம் ஆனது. விளம்பரங்களில் அவள் இல்லை.

ஆனாலும் விலையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். வியோனேயும் கோகோ ஷனேலும் பெண்ணின் உடம்பைத் தளர்த்திவிட்ட முன்னோடிகள்தான், சந்தேகமில்லை. அவர்களின் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கையில் பணம் இருந்தவர்கள். வாரக் கூலியில் வாங்கக்கூடிய இடத்துக்கு அதே தளர்வைக் கொண்டுவந்தது மெக்கார்டெலும் அவரைப் போன்ற நியூயார்க் பெண் வடிவமைப்பாளர்களும்.

டியோரின் இடுப்பு

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். இறுக்கிய இடுப்பு, உள்ளே கம்பி வைத்த மேல்சட்டை, இடுப்புக்குக் கீழே புடைப்பாகத் தெரிய வைத்துத் தைத்த திண்டு, மீட்டர் கணக்கில் துணி போட்ட பாவாடை. போரின் வறட்சிக்குப் பிறகு அது கண்ணுக்கு விருந்தாக இருந்தது, உலகமே பின்னால் ஓடியது. கார்செட்டும் உறவினர்களோடு திரும்பி வந்தது.

மெக்கார்டெலின் போருக்குப் பிந்தைய கவுன்களிலும் இடுப்பு சிறிதாகத் தெரியும், பாவாடை அகன்று விரியும். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். உள்ளே கையை விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம்: இங்கே கம்பி இல்லை, திண்டு இல்லை, கயிறுதான் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு தளர்த்திக்கொள்ளலாம். ஓர் உடையைப் புகைப்படத்தை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது என்பதற்கு இந்த ஜோடி நல்ல எடுத்துக்காட்டு. உடையின் அரசியல் பெரும்பாலும் உள்பக்கத் தையலில்தான் இருக்கிறது.

1955 மே மாதம் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1958 மார்ச் 22 அன்று, குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 52. பாரிஸ் நிறுவனங்கள் நிறுவியவர் போனபின்பும் பெயரை விற்றுக்கொண்டிருப்பது வழக்கம். மெக்கார்டெலின் குடும்பத்தினர் வேறொருவரை வைத்து அந்த லேபிளைத் தொடர விரும்பவில்லை, மூடிவிட்டார்கள். டியோர் பெயர் விமான நிலையக் கடைகளில் இன்றும் மின்னுவதற்கும், மெக்கார்டெல் பெயரைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதற்கும் இது ஒரு காரணம். அவர் செய்தவை சாதாரணப் பொருள்களாகிவிட்டது இன்னொரு காரணம். சுற்றிக் கட்டும் கவுன் 1974இல் டியான் வான் ஃபர்ஸ்டன்பர்க் கையில் ஜெர்சித் துணியில் மறுபடி பிறந்து லட்சக்கணக்கில் விற்றது. டெனிம் கவுனையும் தட்டைப் பாலே ஷூவையும் பக்க ஜிப்பையும் யார் தொடங்கிவைத்தார் என்று கடையில் யாரும் கேட்பதில்லை.

கேட்கப்படாமல் போன இன்னொன்று பாக்கெட். பெண்களுக்கான ஜீன்ஸில் கைபேசி பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. சில கால்சட்டைகளில் பாக்கெட் போலத் தைத்துவிட்டு வாயை மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒரு பை வைக்கத் துணியும் தைக்கும் நேரமும் கூடுதலாக வேண்டும், உடம்பின் கோடு கெடும் என்றும் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சொன்ன அதே காரணம். மெக்கார்டெல் அந்தக் கோட்டைக் கெடுக்காமலே பாக்கெட் வைக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார்: பக்கத் தையலுக்குள், பாவாடையின் மடிப்பு விழும் இடத்தில்.